பெயரும் பில் புத்தகமும்

(நெய்வேலியில் வணிகர்கள், சிறுதொழில் முனைவோர் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

மெயின் பஜாரில் அப்பா காலத்திலிருந்து கடை நடத்துகிறவர்கள் வந்திருக்கிறீர்கள். பண்ருட்டி, வடலூர் பக்கமிருந்து முந்திரி வியாபாரிகள் வந்திருக்கிறீர்கள். மகளிர் குழுக்களில் ஊறுகாயும் மசாலாப்பொடியும் பாக்கெட் போடும் சகோதரிகள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். முதல் ஷிப்ட் முடிந்து நேரே வந்திருக்கும் என்.எல்.சி. தொழிலாளர்களையும் பார்க்கிறேன். உங்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு பொருளிலிருந்து ஆரம்பிக்கிறேன். லெக்கோ.

இங்கே ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். நெய்வேலிச் சுரங்கத்தில் வெட்டிய பழுப்பு நிலக்கரியைப் பொடித்து, உலர்த்தி, அச்சுக்கட்டியாக அழுத்தி, காற்றுப் புகாமல் சூடாக்கி, புகை வராத எரிபொருளாக மாற்றினார்கள். அதற்கு வைத்த பெயர் லெக்கோ. டீக்கடை அடுப்பிலும் வீட்டு அடுப்பிலும் அது எரிந்தது. வெளியூர்க்காரர்களுக்கு நெய்வேலி என்றதும் மின்சாரத்துக்கு அடுத்தபடி நினைவுக்கு வந்தது அந்தக் கரிக்கட்டிதான். அதைச் செய்த ஆலை மூடப்பட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. பெயர் மட்டும் மக்கள் வாயில் இருக்கிறது.

நாளைக்கு ஒருவர் தேங்காய்ச் சிரட்டைக் கரியை மூட்டையில் கட்டி, மேலே ‘லெக்கோ’ என்று அச்சடித்து விற்றால் என்ன ஆகும்? 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 47-ஆவது பிரிவு இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. பதிவு செய்த பெயரை அதன் உரிமையாளர் தொடர்ந்து ஐந்தாண்டுக்கு மேல் உண்மையான வியாபாரத்தில் பயன்படுத்தாமல் விட்டால், பாதிக்கப்பட்ட எவரும் மனுப்போட்டு அந்தப் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கக் கேட்கலாம். கைவிடும் எண்ணம் இல்லை, வியாபாரச் சூழலில் தவிர்க்க முடியாத தடை இருந்தது என்று உரிமையாளர் நிரூபித்தால் தப்பிக்கலாம். நிரூபிக்க முடியாவிட்டால் எவ்வளவு புகழ்பெற்ற பெயரானாலும் பதிவேட்டில் அதற்கு இடமில்லை.

பெயரைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. காம்பா கோலா என்ற குளிர்பானத்தை ஒரு தலைமுறை மறந்தே போயிருந்தது. ஆனால் பெயர் பியூர் டிரிங்க்ஸ் நிறுவனத்தின் கையை விட்டுப் போகவில்லை. 2022-இல் ரிலையன்ஸ் அதை விலை கொடுத்து வாங்கி, 2023-இல் மறுபடியும் கடைக்குக் கொண்டுவந்தது. கைமாறியதில் பெரும்பங்கு அந்தப் பெயர்தான்.

இந்த வட்டாரத்தில் நிலம் பற்றித் தெரியாதவர்கள் கிடையாது. சுரங்கத்துக்கு நிலம் எடுத்த கிராமங்களில் பட்டா வைத்திருந்தவருக்கு என்ன கிடைத்தது, மூன்று தலைமுறை உழுதும் பட்டா இல்லாதவர் எத்தனை படி ஏறினார் என்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பெயர் விஷயத்திலும் இதே இரண்டும் உண்டு. ஒன்று பதிவு, இன்னொன்று அனுபோகம். ஆனால் இங்கே ஒரு விசேஷம் உண்டு. பதிவை மட்டும் வைத்துக்கொண்டு பெயரைப் பயன்படுத்தாதவர் அதை இழக்கலாம். பதிவே செய்யாமல் நேர்மையாகப் பயன்படுத்தி வந்தவர், பதிவு செய்தவரையே நீதிமன்றத்தில் நிறுத்தி ஜெயிக்கலாம். சட்டத்தின் 34-ஆவது பிரிவு முன்பிருந்தே பயன்படுத்துகிறவரைக் காப்பாற்றுகிறது. இது நம் தமிழ்நாட்டு அல்வாக் கடை ஒன்றின் வழக்கில், உச்ச நீதிமன்றம் வரை போய் உறுதியான சட்டம்.

திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வாவைச் சொல்கிறேன். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கும் கடை. பெயர்ப்பலகை வைத்து ஆரம்பித்த கடையல்ல அது. 1900-வாக்கில் தொடங்கிய வியாபாரம், சாயங்காலத்தில் மட்டும் திறக்கும், மங்கலான ஒரு விளக்குதான் எரியும். வாங்க வந்த சனங்கள் ‘அந்த இருட்டுக்கடை’ என்று அடையாளம் சொல்லிச் சொல்லி, அதுவே பெயராகிவிட்டது. அதாவது, பெயரைக் கடைக்காரர் வைக்கவில்லை, ஊர் வைத்தது. பிற்பாடு இன்னொருவர் ‘திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா’ என்று கடை போட்டார். அவரும் பதிவுச் சான்றிதழ் வாங்கியிருந்தார். இருவரிடமும் சான்றிதழ் இருக்கும்போது ஒருவர்மீது ஒருவர் பதிவை மீறியதாக வழக்குப் போட முடியாது என்பது உண்மைதான், 28-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அதையே கேடயமாக வைத்துப் புதுக்கடைத் தரப்பு வாதாடியது.

2015 மார்ச் 17 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பதிவு என்பது ஏற்கனவே இருக்கும் உரிமையை அங்கீகரிப்பது மட்டுமே, புதிதாக உரிமையை உண்டாக்குவதல்ல. யார் முதலில் பயன்படுத்தி நற்பெயர் சம்பாதித்தாரோ அவர் உரிமை பதிவு செய்தவரின் உரிமைக்கு மேலே நிற்கும். தன் சரக்கை இன்னொருவர் சரக்கென்று வாடிக்கையாளரை நம்பவைப்பதை வக்கீல்கள் ‘பாஸிங் ஆஃப்’ என்பார்கள். அந்தக் குற்றச்சாட்டை எதிர்த்தரப்பின் சான்றிதழ் தடுக்காது. பழைய கடையின் தரப்பில் வழக்காடியவர் பெயரால் இதைச் சுலோசனா பாய் வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் இன்று இந்தியா முழுக்கப் படிக்கிறார்கள். ஒரு கிலோ அல்வா வாங்க வரிசையில் நின்ற சனங்களின் பேச்சுவழக்கு ஒரு நாட்டின் சட்டத்தைத் தெளிவாக்கியது என்பதில் எனக்குப் பெரிய பெருமை உண்டு.

இதைக் கேட்டதும், அப்படியானால் பதிவே வேண்டாமே என்று சிலருக்குத் தோன்றும். தோன்றக் கூடாது. அந்த இருட்டுக்கடைக் குடும்பம் மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கி, உயர் நீதிமன்றம் கண்டு, டெல்லி வரை போக வேண்டியிருந்தது. முதலில் பயன்படுத்தியது நாங்கள்தான் என்பதைச் சாட்சியத்தால் நிறுத்த வேண்டியிருந்தது. உங்களில் எத்தனை பேரால் அதைச் செய்ய முடியும்? 1985-இல் அப்பா திறந்த கடையென்று வாயால் சொன்னால் நீதிபதி என்ன செய்வார்? காகிதம் கேட்பார்.

அந்தக் காகிதம் எது தெரியுமா? பழைய பில் புத்தகம். கடைப்பெயர் அச்சிட்ட, தேதி போட்ட, கார்பன் நகலோடு கூடிய பில் புத்தகம். திறப்பு விழா அழைப்பிதழ், நகராட்சியோ ஊராட்சியோ கொடுத்த உரிமம், பழைய விற்பனை வரிக் கணக்கு, கோயில் மலரில் கொடுத்த விளம்பரம், பெயர் பொறித்த தினக் காலண்டர் எல்லாம் சேரும். தீபாவளிக்குக் கடையைச் சுத்தம் செய்யும்போது எடைக்குப் போடுவது இவற்றைத்தான். தயவுசெய்து போடாதீர்கள். 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, இன்ன வருடத்திலிருந்து பயன்படுத்துகிறேன் என்று விண்ணப்பத்தில் எழுதினால் உறுதிமொழிப் பத்திரமும் ஆதாரமும் சேர்த்தே கொடுக்க வேண்டும். ஆதாரம் இல்லாமல் பழைய வருடத்தைச் சும்மா எழுதினால், பின்னால் வழக்கு வரும்போது அந்த ஒரு பொய்யே உங்களைக் கவிழ்த்துவிடும்.

ஜி.எஸ்.டி. எண் இருக்கிறது, உணவுப் பாதுகாப்பு உரிமம் இருக்கிறது, கம்பெனியாகவே பதிந்துவிட்டோம், பெயர் எங்களுடையதுதானே என்று பலர் சொல்கிறீர்கள். அந்தப் பதிவுகள் எதுவும் பெயருக்கு டிரேட்மார்க் உரிமை தராது. கம்பெனிப் பதிவாளர் உங்களுக்கு ஒரு பெயரைக் கொடுத்த பிறகுகூட, அதே பெயரை டிரேட்மார்க்காக முன்பே பதிந்தவர் மூன்று வருடத்துக்குள் மனுப்போட்டு உங்கள் கம்பெனிப் பெயரை மாற்றவைக்க முடியும்.

அடுத்தது, புதுப்பிக்க மறப்பது. பதிவு பத்தாண்டுக்குத்தான். ஒவ்வொரு பத்தாண்டும் கட்டணம் கட்டிப் புதுப்பித்தால் எத்தனை தலைமுறைக்கும் நீளும். காப்புரிமைக்கு இருபது வருடம்தான் ஆயுள், டிரேட்மார்க்குக்கு முடிவே கிடையாது. கெடு முடிவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். தவறினால் ஆறு மாதம்வரை கூடுதல் கட்டணத்தோடு கட்டலாம், அதையும் தவறவிட்டால் கெடு முடிந்த ஒரு வருடத்துக்குள் மீட்டெடுக்கக் கேட்கலாம். அதன்பிறகு கதவு மூடும்.

பெரிய நிறுவனங்களும் மறந்திருக்கின்றன. வாஷிங் மெஷின் செய்யும் வேர்ல்பூல் இந்தியாவில் 1950-களிலேயே பெயரைப் பதிந்தது. 1977-இல் புதுப்பிக்காமல் விட்டது. அப்போது இறக்குமதிக் கட்டுப்பாடு, இங்கே வியாபாரம் பெரிதாக இல்லை. 1986-இல் இந்திய வியாபாரிகள் சிலர் அதே பெயருக்கு விண்ணப்பித்து, கடைசியில் பதிவும் வாங்கிவிட்டார்கள். 1996-இல் உச்ச நீதிமன்றம் அமெரிக்க நிறுவனத்துக்குத் துணை நின்றது. உலகப் பத்திரிகைகளில் வந்த விளம்பரங்களால் அந்தப் பெயரின் புகழ் எல்லை தாண்டி இந்தியாவுக்கும் வந்துவிட்டது என்பது காரணம். வேர்ல்பூலுக்குக் கைகொடுத்த அந்த வாதம் மந்தாரக்குப்பம் மிக்சர் கம்பெனிக்குக் கைகொடுக்காது. ஜப்பானின் டொயோட்டாவுக்கே பிற்பாடு அது கைகொடுக்கவில்லை. ‘பிரியஸ்’ என்ற பெயரில் 2001-லிருந்து உதிரிபாகம் விற்ற இந்தியக் கம்பெனியோடு மோதி, 2017-இல் தோற்றார்கள். அந்த 2001-இல் இந்தியச் சந்தையில் உங்கள் காரின் பெயர் யாருக்குத் தெரியும் என்று நீதிமன்றம் கேட்டது, போதுமான சாட்சியம் இல்லை.

இப்போது சொல்லப் போகும் வழக்கு அனல்மின் நிலையத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு உடனே புரியும். பாய்லர் குழாய்களில் உப்புப் படிந்து கெட்டியாகிவிடும். அதை அமிலம் விட்டுக் கழுவுவார்கள். அமிலம் படிவை மட்டும் தின்றுவிட்டு நிற்காது, இரும்பையும் அரிக்கும். அதைத் தடுக்க ஒரு ரசாயனம் கலப்பார்கள். சென்னையைச் சேர்ந்த ஆருத்ரா எஞ்சினியர்ஸ் என்ற நிறுவனம் அப்படியொரு ரசாயனத்தை ‘கொரோனில்-92பி’ என்ற பெயரில் 1993-லேயே பதிந்து விற்றுவந்தது. கொரோனா என்ற வார்த்தையை ஊரில் யாரும் கேட்டிராத காலம். 2020-இல் பதஞ்சலி நிறுவனம் ‘கொரோனில்’ என்று மாத்திரை கொண்டுவந்தது.

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. ஆகஸ்டில் தனி நீதிபதி பதஞ்சலிக்குத் தடை விதித்து, பத்து லட்சம் ரூபாய் கட்டவும் உத்தரவிட்டார். எல்லாரும் சின்னக் கம்பெனி ஜெயித்துவிட்டது என்று நினைத்தோம். ஒரு வாரத்தில் இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்திவைத்தது, 2021 பிப்ரவரியில் ரத்தே செய்துவிட்டது. ஏன்? ஆருத்ரா பதிந்திருந்தது ‘கொரோனில்-92பி’ என்ற எண்ணும் எழுத்தும் சேர்ந்த லேபிளை. ‘கொரோனில்’ என்ற தனிச் சொல்லைப் பதியவில்லை. முழு லேபிளுக்குக் கிடைத்த உரிமையை அதிலுள்ள ஒரு துண்டுக்குத் தனியாகக் கேட்க முடியாது. இரண்டாவது, பாய்லர் ரசாயனம் வேறு வகுப்பு, மருந்து வேறு வகுப்பு. வகுப்பு தாண்டித் தடுக்க வேண்டுமானால் பெயர் நாடறிந்த புகழ் பெற்றிருக்க வேண்டும், அதைக் காட்டும் சாட்சியம் வேண்டும்.

இருபத்தேழு வருடம் நேர்மையாக வியாபாரம் செய்த கம்பெனி அது. சொல்லையும் தனியாகப் பதிந்திருந்தால் வழக்கு கட்டாயம் ஜெயித்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், வகுப்புத் தடை அப்போதும் நின்றிருக்கும். ஆனாலும் கை வலுத்திருக்கும். நம் ஊர்களில் லேபிளை ஸ்கேன் செய்து அப்படியே விண்ணப்பத்தில் ஒட்டிவிடுகிறார்கள். அதில் சாமி படம், மயில், தென்னைமரம், அப்பாவின் பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் இருக்கும். அப்புறம் பெயரை மட்டும் எடுத்து ஒருவன் விற்றால் திண்டாடுகிறீர்கள். பெயரை வெறும் எழுத்தாக ஒன்று, லேபிளாக ஒன்று, இரண்டும் பதியுங்கள். எந்தெந்த வகுப்பு என்று பாருங்கள். மொத்தம் 45 வகுப்புகள் இருக்கின்றன. ஊறுகாய் 29-இல் வரும், மசாலாப்பொடி 30-இல், மெஸ் நடத்தினால் 43-இல். வகுப்புக்கு ஒரு கட்டணம். தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் இணையவழியில் 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. சிறுதொழிலுக்கான உத்யம் சான்றிதழ் இருந்தும் அதை இணைக்காமல் இரட்டிப்புக் கட்டியவர்கள் உண்டு.

எந்தப் பெயரை வைப்பது? முந்திரி வியாபாரிகள் கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். ‘பண்ருட்டி முந்திரி’ என்று பாக்கெட்டில் போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அது எனக்கே சொந்தம் என்று யாரும் சொல்ல முடியாது. ஊர்ப் பெயரும், சரக்கின் பெயரும், ‘சுத்தமான’, ‘அருமையான’ போன்ற பாராட்டுச் சொற்களும் எல்லா வியாபாரிகளுக்கும் பொது. ஐ.டி.சி. தன் நூடுல்ஸில் ‘மேஜிக் மசாலா’ என்று போட்டது. நெஸ்லே ‘மேஜிக்கல் மசாலா’ என்றது. சென்னை உயர் நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் வழக்கு நடந்தது. 2020-இல், இது சரக்கைப் புகழும் சொல், யாருக்கும் தனியுரிமை இல்லை என்று முடிந்தது. மேல்முறையீட்டிலும் ஐ.டி.சி.க்கு வெற்றி கிடைக்கவில்லை. அவ்வளவு பணம் செலவழித்து விளம்பரம் செய்த பெயருக்கே இந்தக் கதி.

திண்டுக்கல் தலப்பாக்கட்டி பிரியாணிக் கடையைப் பாருங்கள். திண்டுக்கல் ஊர்ப் பெயர், பிரியாணி சரக்கின் பெயர். இவை இரண்டும் பொது. கடையை ஆரம்பித்த நாகசாமி நாயுடு தலையில் கட்டியிருந்த தலைப்பாகையால் வந்த சொல்தான் அந்தக் கடையைக் காட்டும் சொல். அந்தச் சொல்லுக்காகத்தான் நீதிமன்றத்தில் வழக்குகளும் நடந்தன. உங்கள் தாத்தாவுக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்திருக்கும். அதை வைக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, ஏற்கனவே ஆயிரம் பேர் வைத்திருக்கும் ‘ஸ்ரீ லட்சுமி’யை வைக்கிறோம்.

பெயர் அளவுக்கு மிஞ்சிப் புகழடைந்தாலும் ஆபத்து உண்டு. வனஸ்பதி எல்லாமே நம் வீட்டில் டால்டா, நகல் எடுக்கும் எல்லாக் கடையும் ஜெராக்ஸ் கடை. ஆஸ்பிரின் ஜெர்மனியின் பேயர் கம்பெனி வைத்த பெயர். அமெரிக்காவில் 1921-இல் அது மாத்திரையின் பொதுப்பெயர் என்று தீர்ப்பாகி, கம்பெனியின் கையை விட்டுப் போனது. சிறு வியாபாரிக்கு இந்தக் கவலை வர நாளாகும் என்பதால் இதோடு விடுகிறேன்.

வரவேண்டிய கவலை வேறு, அது பார்த்தும் பாராமல் இருப்பது. பக்கத்து ஊரில் ஒருவர் உங்கள் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிக் கடை போடுகிறார். சொந்தக்காரர், சாதிக்காரர், சங்கத்தில் கூட இருப்பவர், எப்படிச் சண்டை போடுவது என்று விட்டுவிடுகிறோம். இப்படி விட்டதற்கு ஒரு பழைய வழக்கு உதாரணம்: 1901 முதல் ‘அம்ருத்தாரா’ என்று ஒரு மருந்து விற்கப்பட்டுவந்தது. 1923-லிருந்து உத்தரப் பிரதேசத்தில் இன்னொருவர் ‘லட்சுமண்தாரா’ என்று விற்றார். 1962-இல் உச்ச நீதிமன்றம், இரண்டு பெயரும் சாதாரண சனங்களைக் குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கின்றன என்று ஒப்புக்கொண்டது. ஆனாலும் அம்ருத்தாரா தரப்பு அத்தனை காலம் சும்மா இருந்ததால், அந்த மாநிலத்துக்குள் மட்டும் லட்சுமண்தாராவைப் பதிய அனுமதித்தது. இன்றைய சட்டத்தின் 33-ஆவது பிரிவு இதற்கு ஐந்து வருடம் என்று கணக்கு வைத்திருக்கிறது. பிந்திப் பதிந்தவர் நல்லெண்ணத்தோடு பயன்படுத்துவதைத் தெரிந்தே ஐந்து வருடம் தொடர்ந்து பொறுத்திருந்தால், பிறகு நீங்கள் தடுக்க முடியாது. சண்டை போட வேண்டாம், ஒரு பதிவுத் தபால் அனுப்புங்கள். நகலை வைத்துக்கொள்ளுங்கள். கேட்கவில்லையென்றால் கடலூரில் மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது. இந்த வழக்குகளுக்குச் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை.

அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். கட்டடம் யாருக்கு, குடோன் யாருக்கு, வேன் யாருக்கு என்று ஒரு சென்ட் விடாமல் பத்திரத்தில் எழுதுவார்கள். பெயர் யாருக்கு என்று ஒரு வரி இருக்காது. பெரியவர் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. அவருக்குப் பிறகு இரண்டு போர்டு, இரண்டு ‘ஒரிஜினல்’, ‘எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை’ என்று சிவப்பு எழுத்து, பத்து வருட வழக்கு. பெயர் ஒருவருக்கு என்று எழுதி, மற்றவர் எந்த ஊரில் எந்தச் சரக்குக்கு, எந்தத் தரத்தில் பயன்படுத்தலாம் என்று அனுமதி ஒப்பந்தம் போடலாம். சட்டம் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. கிளை கொடுக்கும்போதும் இதே எச்சரிக்கை. பணத்தை வாங்கிக்கொண்டு சரக்கு எப்படி இருக்கிறது என்று எட்டிப் பார்க்காத உரிமையாளருக்கு நீதிமன்றத்தில் பதில் சொல்வது கஷ்டம். லேபிள் வரைந்து கொடுத்த ஓவியரிடம், படத்தின் பதிப்புரிமையை உங்களுக்குத் தருவதாக ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காசு கொடுத்தோமே என்பது மட்டும் போதாது.

கடைசியாக, விண்ணப்பம் போட்டுவிட்டுத் தூங்கி இழப்பவர்கள். கிண்டியில் இருக்கும் டிரேட்மார்க் அலுவலகம் ஆட்சேபம் எழுப்பி அறிக்கை அனுப்பும். கிடைத்த முப்பது நாளில் பதில் போக வேண்டும். எதிர்ப்பு வந்தால் இரண்டு மாதத்தில் மறுப்புரை போக வேண்டும், போகவில்லையென்றால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கணக்கு. 2016 மார்ச் மாத இறுதியில் நாடு முழுக்க லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் இப்படி ஒரேயடியாகக் கைவிடப்பட்டதாகப் போடப்பட்டு, டெல்லி உயர் நீதிமன்றம் தலையிட்டு நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. விண்ணப்பத்தில் ஏஜெண்டின் மின்னஞ்சலை மட்டும் கொடுக்காதீர்கள், உங்களுடையதையும் சேருங்கள். விண்ணப்பம் போட்ட அன்றே ‘டி.எம்.’ என்று போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ‘ஆர்’ போடுவது பதிவானபின் மட்டுமே. அதற்கு முன் போடுவது சட்டப்படி தவறு.

டிரேட்மார்க் இதழ் வாரந்தோறும் திங்கட்கிழமை இணையத்தில் வெளியாகிறது. புதிதாக ஏற்கப்பட்ட பெயர்கள் எல்லாம் அதில் வரும். உங்கள் பெயரை வேறொருவர் கேட்டிருந்தால் எதிர்க்க அன்றிலிருந்து நான்கு மாதம். அதற்குமேல் ஒரு நாள்கூட நீட்டிப்பு இல்லை. பதிவேட்டைத் தேடுவதற்குக் கட்டணம் கிடையாது. கல்லூரியில் படிக்கும் மகனோ மகளோ ஐந்து நிமிடத்தில் கைப்பேசியில் தேடிச் சொல்லிவிடுவார்கள். இன்று ராத்திரி எட்டு மணிவரை இதே அரங்கில் இருப்பேன். கடைப் பெயரையும் விற்கும் சரக்கையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள், யார் கேட்டிருக்கிறார்கள், எந்த வகுப்பில், எந்தத் தேதியில் என்று இங்கேயே தேடிப் பார்த்துவிடுவோம்.